பன்னிரண்டாவது கிளாஸ்

ஆறாவது கிளாஸ் வந்து உட்கார்ந்தபோது எஸ்கோ கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்று ஆகியிருந்தது.

மூன்று மணிக்குத்தான் மணிக்கூண்டைத் திறப்பார்கள். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அதை விட்டால் அடுத்த சனிக்கிழமைதான். எஸ்கோவுக்கோ ஆறு மணிக்கு ஹாம்பர்க் ரயில், அங்கிருந்து ஃபின்லாந்துக்குக் கப்பல், செவ்வாய்க்கிழமை காலையில் ஊரில் பஸ் ஓட்டியாக வேண்டும்.

ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு முதுகில் பையை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் செய்வதையெல்லாம் அவன் காலையிலேயே செய்து முடித்திருந்தான். பெரிய தேவாலயத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறினான். ரயில் பாலத்தில் காதலர்கள் மாட்டிய பூட்டுகளைப் பார்த்தான். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற பொம்மை ஒன்று வாங்கினான். வந்த காரியம் அதெல்லாம் இல்லை. மீனவர் சந்தின் கோடியில் ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. அதன் மணிக்கூண்டு உச்சியில், வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு நோட்டு உண்டு. அந்த நோட்டில்தான் அவன் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் அவன் தன் காதலி பைவியிடம், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். மே மாதம் தோழிகளோடு கொலோனுக்குப் போய்விட்டு வந்து, "பதிலை மணிக்கூண்டு நோட்டுல எழுதி வச்சுட்டேன், ஒன்பதாந்தேதிப் பக்கம்" என்றாள்.

"இங்கேயே சொல்லிடேன்."

"நீ எதைத்தான் கடைசிவரைக்கும் செஞ்சிருக்கே? படகுக்குப் பாதி பெயின்ட் அடிச்சே. குளியலறைக்கு மூணு சுவர் கட்டினே. இதையாவது முடிக்கிறியான்னு பார்க்கிறேன்."

பாதியில் விடுவதில் எஸ்கோ உண்மையிலேயே கெட்டிக்காரன். அதனால் அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. விடுப்பு எழுதிக்கொடுத்தான்.

மத்தியானம் வெயிலில் பை கனத்தது. மூன்று மணி வரை ஒரே ஒரு பீர் என்றுதான் இந்தக் கடைக்குள் நுழைந்தான். நீண்ட மேசை, நீண்ட பெஞ்சு. சுவர் ஓரமாக உட்கார்ந்து பையைக் காலடியில் தள்ளினான். இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் வந்து பெஞ்சின் வெளிப்பக்கம் உட்கார்ந்தார். இனி அவர் எழுந்தால்தான் எஸ்கோ வெளியே போக முடியும்.

"வெண்டலின்" என்று கையை நீட்டினார்.

"எஸ்கோ. ஃபின்லாந்து."

"அவ்வளவு தூரத்துலருந்தா? நல்லாக் குடி தம்பி."

பேச்சு அதோடு முடிந்தது. எஸ்கோவின் ஊர்க் கணக்குப்படி அது நீண்ட உரையாடல்.

சிக்கல் கிளாஸில் இருந்தது. கொலோன் கிளாஸ் ஒரு சாண் உயரம், மூன்று மடக்கில் தீர்ந்துவிடும். காலி கிளாஸ் மேசையைத் தொடுவதற்குள் நீல ஏப்ரன் கட்டிய ஒரு மனிதர் எங்கிருந்தோ வந்து புதிதாக ஒன்றை வைத்து, அடியிலிருக்கும் வட்ட அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். எஸ்கோவின் ஊரிலோ, ஊற்றிக் கொடுத்ததை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் கொடுத்தவருக்கு அவமானம். ஆகவே எழுந்து போவதற்காகக் குடித்தான். குடித்ததால் அடுத்தது வந்தது. வந்ததால் எழ முடியவில்லை. அவன் ஒன்றை முடித்தால் வெண்டலினும் ஒன்றை முடித்தார்.

ஆறாவதில் எஸ்கோ உத்தியை மாற்றினான். மெதுவாகக் குடித்தால் அடுத்தது வராதல்லவா? குருவி தண்ணீர் குடிப்பதுபோல் குடித்தான். கால் மணி நேரம் கழித்து நீல ஏப்ரன் வந்து பாதிக் கிளாஸை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"நுரை செத்துப்போச்சு. இதைக் குடிச்சா என் கடைக்குக் கெட்ட பேரு" என்று ஏழாவதை வைத்தார்.

"எனக்குப் போதும்" என்றான் எஸ்கோ.

"வாயால சொல்றதெல்லாம் எனக்குக் கேக்காது."

"அப்ப தண்ணி கொடுங்க."

நீல ஏப்ரன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சோப்பும் துண்டும் சேர்த்தே கொண்டாரவா?"

சுற்றியிருந்த மேசைகள் சிரித்தன. தண்ணீர் வரவில்லை. இப்படி அவமானப்பட்ட விருந்தாளியைத் தேற்றுவது தன் பொறுப்பு என்று வெண்டலின் நினைத்திருக்க வேண்டும். தன் பேரில் ஒரு கிளாஸை அவன் பக்கம் தள்ளினார். இப்போது எஸ்கோவுக்கு முன்னால் இரண்டு.

"எனக்கு... அப்புறம் ஒரு வேலை இருக்கு" என்று எஸ்கோ மென்று விழுங்கினான். கல்யாணத்துக்குப் பதில் தேடி வந்திருக்கிறேன் என்று முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்வது?

"எனக்கும் மூணு மணிக்கு ஒரு சின்ன வேலை இருந்துச்சு" என்றார் வெண்டலின். "அது கிடக்கட்டும். நீ அவசரப்படாதே."

அப்போதே மூன்றரை. மூன்று மணி வேலையை மூன்றரைக்குக் 'கிடக்கட்டும்' என்கிறவர் எப்படிப்பட்ட குடிகாரராக இருக்க வேண்டும் என்று எஸ்கோ எண்ணிக்கொண்டான். இந்த வயதில் இப்படி ஒருவர் தனியாக உட்கார்ந்து குடிக்கிறாரே என்று பரிதாபமாகவும் இருந்தது.

வெறும் வயிற்றில் போவதால்தான் வினை என்று தோன்றி, சாப்பாட்டுப் பட்டியலில் 'அரைச் சேவல்' என்றிருந்ததைக் கேட்டான். ரை தானிய ரொட்டியும், தடியாக வெட்டிய சீஸும், ஒரு கரண்டி கடுகு விழுதும் வந்தன. சேவலின் இறகுகூடக் கண்ணில் படவில்லை.

"சேவல் எங்கே?"

"இதுதான் தம்பி சேவல். எங்க தாத்தா காலத்துலருந்து இப்படித்தான்."

உப்பும் காரமும் சேர்ந்து நாக்கு வறண்டது. ஒன்பதாவது அப்படித்தான் போயிற்று.

நாலு மணி வாக்கில் பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றாள். நேராக வெண்டலினிடம் வந்து காதோரம் குனிந்து ஏதோ கெஞ்சினாள். அவர் பாதி எழுந்தார். கோட்டுப் பையிலிருந்த ஏதோ கனமான இரும்பு மேசையில் மோதியது. எஸ்கோவின் நிறைந்த கிளாஸைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு மறுபடி உட்கார்ந்து, அவள் காதில் ஏதோ முணுமுணுத்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

'பாவம், பெண்சாதி. வீட்டுக்குக் கூப்பிட வந்திருக்கிறாள்' என்று எஸ்கோ நினைத்தான். மனைவி கூப்பிட்டே எழாதவரிடம் நான் எப்படி 'கொஞ்சம் நகருங்க' என்று சொல்வது? பைவி எழுதிய பக்கம் நான்கு தெருவுக்கு அப்பால் திறந்து கிடக்கிறது. இவன் இங்கே யாரோ ஒரு குடிகாரரின் துக்கத்துக்குத் துணை இருக்கிறான். பத்தாவது வந்தது. பதினொன்றாவது வந்தது.

பன்னிரண்டாவதோடு ஒரு குளவியும் வந்தது. செப்டம்பர் மாதக் குளவிக்கு பீர் என்றால் உயிர். கிளாஸின் விளிம்பில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே இறங்கப் பார்த்தது. எஸ்கோ கையால் விரட்டினான். போகவில்லை. வேறு வழி தெரியாமல், அடியிலிருந்த வட்ட அட்டையை எடுத்துக் கிளாஸின் தலையில் மூடினான்.

கடையில் ஏதோ நின்றுபோனதுபோல் இருந்தது. தட்டோடு வந்துகொண்டிருந்த நீல ஏப்ரன் அப்படியே திரும்பினார். "அப்பாடா, ஒரு வழியா" என்று அட்டையின் கோடுகளைப் பார்த்து, தொகையைச் சொன்னார்.

"இவ்வளவுதானா? இதைப் போட்டா நிறுத்திடுவீங்களா?"

"பின்னே? உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம்."

வெண்டலின் அதற்குள் தன் கிளாஸையும் மூடியிருந்தார். அவ்வளவு வேகத்தை எஸ்கோ அவரிடம் எதிர்பார்க்கவில்லை. "சந்தோஷம் தம்பி, ரொம்ப சந்தோஷம்" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கழிப்பறைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். எஸ்கோ பணத்தை வைத்தான், பையை இழுத்தான், ஓடினான்.

மணி நாலு ஐம்பது. மணிக்கூண்டின் கதவு சாத்தியிருந்தது.

தட்டினான். உதைத்தும் பார்த்தான். கெட்டியான பழைய கதவு, அசையவில்லை. படியில் உட்கார்ந்தான். அழுகை வந்தது. பன்னிரண்டு கிளாஸுக்குப் பிறகு அது பெரிய அதிசயமில்லை என்றாலும், அது பீர் அழுகை இல்லை. பைவிக்கு போன் செய்தான்.

"படிச்சியா?"

"இல்லை. மூடிட்டாங்க. இதையும் பாதியில விட்டுட்டேன்."

"நாள் பூரா என்ன பண்ணினே?"

"பீர்க்கடையில மாட்டிக்கிட்டேன். பக்கத்துல ஒரு பெரியவர். பாவம், தனியாக் குடிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரைத் தாண்டி எழுந்து வர மனசு வரலை."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டே முக்கால் மணி நேரம்."

"தெரிஞ்சவரா?"

"பேரு மட்டும் தெரியும்."

"படகைத்தான் பாதியில விடுவே போலிருக்கு" என்றாள் பைவி. "மனுஷங்களை விட மாட்டே." பிறகு சொன்னாள்: "சரி, கட்டிக்கிறேன்."

எஸ்கோ படியிலேயே எழுந்து நின்றான். மறுபடி உட்கார்ந்தான். மூக்கை உறிஞ்சினான். பிறகு கேட்டான்: "நோட்டுலயும் அதுதானே எழுதியிருக்கு?"

"கையில பேனா இருக்கா?"

"ஏன்?"

"எப்படியாவது கதவைத் திறக்கச் சொல்லி, மேலே போய் அந்தப் பக்கத்தைப் படிக்காம அடிச்சுடு. அடுத்த சனிக்கிழமை எங்க அக்கா அங்கே வர்றா. அவ கண்ணுல பட்டா என் மானம் போயிடும்."

போனை வைத்துவிட்டு எஸ்கோ பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, தேவாலயத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்து ஒரு பெண்மணி துடைப்பத்தோடு வந்தாள். தலையில் பச்சைத் துணி.

"அம்மா, அஞ்சு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சே. அதுக்குள்ள ஏன் மூடிட்டீங்க?"

"எங்கே மூடினோம், இன்னிக்குத் திறக்கவே இல்லையே" என்றாள் அவள், படியைப் பெருக்கிக்கொண்டே. "சாவி வச்சிருக்கிற வெண்டலின் ரெண்டு மணிலருந்து பீர்க்கடையில மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. போய்க் கூப்பிட்டா, பக்கத்துல யாரோ ஒரு ஃபின்லாந்துக்காரன் கிளாஸை மூடவே மாட்டேங்கிறானாம், அவனைத் தனியாக் குடிக்க விட்டுட்டு எழுந்து வர மனசு வரலையாம்."