பிரிக்காத பாக்கெட்டின் மகிமை

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தப் பொம்மைக் கடையின் மாடியில் நிற்க இடம் கிடைக்காது. சண்டைபோடும் மிருகங்களின் படம் போட்ட விளையாட்டு அட்டைகளைக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக விற்றார்கள். பிரித்தால்தான் உள்ளே எந்தப் படம் என்று தெரியும். பிரிக்காமலே, உறையை வைத்து அதிர்ஷ்டம் சொல்லும் மகான் ஒருவர் மாடியில் எழுந்தருளியிருந்தார். பெயர் உறை ஞானி. குழந்தைகள் கீழே அட்டை விளையாடின. மாடிக்கு வந்ததெல்லாம் மீசை நரைத்த கூட்டம்.

முன்வரிசையில் பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். பொன் கழுகு அட்டை ஒன்று கிடைத்துவிடாதா என்று வருடக்கணக்காகத் தவம் கிடக்கிறார். இதுவரை வந்ததெல்லாம் நத்தை. வீட்டில் ஒரு டப்பா நிறைய நத்தை.

உறைகளின் வரலாற்றை ஞானி மூன்று யுகமாக வகுத்திருந்தார். ஆதியில் அட்டைகள் மெழுகுத்தாளில் மடித்து வந்தன. அது சத்திய யுகம். அப்புறம் பிளாஸ்டிக் உறை, மாயை. இப்போது பளபளக்கும் ஜிகினா உறை, பேராசை. உறையின் தலையில் ஓட்டை இருக்கிறதே, அது ஞானக்கண்ணாம். அந்த ஞானக்கண்ணில்தான் கடைக்காரர் கம்பியை நுழைத்துப் பாக்கெட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார். பார்கோடு? பாக்கெட்டின் ஜாதகம்!

டிரைவர் உருகிப்போனார். சத்திய யுகத்து மெழுகுத்தாள் பாக்கெட் ஒன்றை வீட்டில் வைத்து வணங்கினால், புதிதாக வாங்கும் பாக்கெட்டில் பொன் கழுகு தானாக வந்து உட்காருமாம். ஒரே நிபந்தனை: அதைப் பிரிக்கவே கூடாது. அப்படி ஒரு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, காணிக்கையாகத் தம் ஸ்கூட்டர் சாவியை ஞானியின் தட்டில் வைத்தார் டிரைவர். நாளெல்லாம் பஸ் ஓட்டுகிறவர், அன்றைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

ஸ்கூட்டர் எங்கே என்று கேட்டாள் மனைவி. சொன்னார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவள், பாக்கெட்டை வாங்கிச் சர்ரென்று கிழித்தாள். கூரை இடிந்து விழப்போகிறது என்று டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். கூரைக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. உள்ளே, அளவாக வெட்டிய பிஸ்கட் டப்பா அட்டைகள்.

அடுத்த ஞாயிறு அவளும் மாடி ஏறினாள். கிழிந்த உறையைப் பார்த்து ஞானி துளிகூட அசையவில்லை. மூடியிருந்தவரை உள்ளே இருந்தது பொன் கழுகுதான், பிரித்த பாவத்தால் பிஸ்கட் டப்பாவாகிவிட்டது என்றார். கூட்டம் மெய்சிலிர்த்தது. டிரைவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மனைவிமேல் கோபம்கூட வந்தது.

அவள் உறையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். மடிப்பில் பொடி எழுத்தில் ஒரு செல்போன் எண்.

"சத்திய யுகத்துல செல்போன் இருந்துச்சாங்க?"

"முன்னோர்களுக்கு முக்காலமும் தெரியும்மா."

"அப்ப அவங்களையே கேட்டுருவோம்."

எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி போனைத் தூக்கிப் பிடித்தாள். மெழுகுத்தாள் உறை வேண்டும் என்றாள். முன்னோர் உடனே பேசினார்.

"அச்சகம்தாங்க. ஞானி ஐயா கடையிலேர்ந்தா? போன தடவை டீக்கறை பத்தலன்னாரு. பழசாத் தெரியணுமாமே. இந்தத் தடவ கொஞ்சம் கூடப் போட்டுரவா?"

அன்றைக்கு வாங்கிய மெழுகுத்தாள் பாக்கெட்டுகள் மாடி முழுக்கச் சரக் சரக்கென்று கிழிபட்டன. எல்லார் பாக்கெட்டிலும் பிஸ்கட் டப்பா. ஒருவருக்கு மட்டும் சோப்பு டப்பா; அவர் தம்மை ஏமாற்றிவிட்டதாகத் தனியாகச் சண்டை பிடித்தார். ஞானி பின்படி வழியாக முக்தி அடையப் பார்த்தார். வழியை மறித்து நின்றது டிரைவர். வெட்கத்தில் அவர் முகம் கறுத்திருந்தது. கையை நீட்டினார். சாவி கைக்கு வந்தது.

மூலையில் ஒருவர் மட்டும் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தம்முடையது உண்மையானது என்றார். இப்படிப்பட்டவர்கள் பாக்கெட்டை மட்டுமா அப்படியே வைத்திருக்கிறார்கள்? கழுத்துக்குமேலே இருப்பதையும் வாங்கின நாளிலிருந்து சீல் உடைக்காமலே வைத்திருக்கிறார்கள். ஒருமுறை பிரித்துப் பயன்படுத்திப் பாருங்கள், ஐயா. அது கெட்டுப்போகாது.