மச்சானின் பாட்டை எம்பி3 ஆக்கிய கதை

தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிற ஒருவனால் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்று யாராவது கேட்டால், எங்கள் சொந்தக்காரர்கள் என்னைத்தான் கை காட்டுவார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். பல்லடத்தில் ஒரு தறிப்பட்டறையில் முப்பது வருடமாக வேலை. தறிச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, எல்லாம் சைகைதான். எனக்குத் தோதான இடம். (பேசச் சொன்னாத்தானுங்களே நமக்குப் பிரச்சனை.)

நான்கு வருடம் முன்பு என் சரசக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தாறு வயது. சூலூரில் தறி ஓட்டுவார். கோயில் நோம்பி, கல்யாணம் என்றால் ஒரு கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிப்பார். ஊருக்கெல்லாம் சினிமாப் பாட்டு வாசித்தவர், அக்காவுக்காக ஒரே ஒரு பாட்டைச் சொந்தமாகக் கட்டியிருந்தார். வார்த்தை கிடையாது, மெட்டு மட்டும். அதைச் சத்தம் குறைத்து வைத்து வீட்டுக்குள் மட்டுமே வாசிப்பார்.

கீபோர்டு குழுவுக்குச் சொந்தமானது. ஐந்தாம் நாளே எடுத்துப் போய்விட்டார்கள். போகும்போது குழுத் தலைவர், மச்சான் அதில் பதிந்து வைத்திருந்த அந்தப் பாட்டை ஒரு பென்டிரைவில் போட்டு அக்கா கையில் கொடுத்தார். அடுத்து வாசிக்க வந்தவர் கீபோர்டில் இருந்த பழையதையெல்லாம் அழித்துவிட்டார். ஆக, உலகத்தில் அந்தப் பாட்டு மிச்சம் இருந்த ஒரே இடம் அந்தப் பென்டிரைவ்தான்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. படத்தின் மேல் போட்ட துணியை விலக்கும்போது அந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். அத்தனை நாளில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். மைக் செட்டுக்காரர் பென்டிரைவைச் செருகிப் பார்த்தார்.

"இது எடுக்கலீங்க. மிடி ஃபைலாமா. எம்பி3-ஆ மாத்திக் குடுத்தீங்கன்னா போட்டர்லாம்."

"தம்பி பாத்துக்குவான்," என்றாள் அக்கா. "எந்நேரமும் செல்லையே நோண்டிட்டிருக்கறவன். உனக்குத் தெரியுமில்ல கண்ணு?"

தலையாட்டினேன். (செல்லில் நான் நோண்டியது சீட்டு விளையாட்டு.)

பல்லடம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கார அம்மணி ஒரு கையால் நகல் எடுத்துக்கொண்டே இன்னொரு கையால் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னுங்க வேணும்?"

"பாட்டு மாத்தோணுங்க."

"எந்தப் படத்துலீங்க?"

"எங்க மச்சான் பாட்டுங்க."

"அப்படி ஒரு படம் வந்திருக்குதுங்களா?"

விளக்கிச் சொல்ல எனக்குக் கூச்சம். பென்டிரைவை நீட்டினேன். அவர் ஏதோ ஒரு இணையதளத்தைத் திறந்து, பாட்டை உள்ளே தள்ளி, இரண்டே நிமிடத்தில் எம்பி3 ஆக்கிவிட்டார். பிறகு ஹெட்போனை என் தலையில் மாட்டினார். "முழுசாக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க. நாளைக்கு வந்து அப்படி இப்படிங்கப்படாது."

எனக்குப் பின்னால் கல்லூரி விண்ணப்பத்தோடு ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். பாட்டு தொடங்கியது. வெறும் ஆர்மோனியம், இருபது விநாடி. அப்படியே மச்சான் வாசிக்கிற மாதிரியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

"இன்னும் மூணு நிமிசம் இருக்குதுங்களே."

"போதுமுங்க. நல்லாத்தானுங்க இருக்குது."

வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாமிக்குப் படைக்கும் முன்னால் யாரும் ருசி பார்ப்பதில்லை. அது போல, அக்காவுக்கு முன்னால் நான் கேட்பது தப்பு என்று தோன்றியது. நினைப்பு என்னவோ நல்ல நினைப்புதான். உப்புக்குப் பதில் சோடா உப்பு விழுந்த பொங்கலையும் அப்படித்தான் படைத்துவிடுவோம்.

படத்திறப்புக்குச் சூலூர் மண்டபத்தில் இருநூறு பேர். மச்சான் வேலை பார்த்த பட்டறையின் ஓனர் படத்தைத் திறக்க எழுந்தார். மைக் செட்டுக்காரர் என் பக்கம் குனிந்து, "இந்தப் பட்டனை அமுக்குனாப் போதுமுங்க, நான் ஒரு வாய் டீ குடிச்சுட்டு வாரேன்," என்று சொல்லிப் போய்விட்டார். நான் அமுக்கினேன்.

ஆர்மோனியம் ஒலித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் அமைதியானது. அடுத்து நாயனம் வர வேண்டும்.

டெலிபோன் மணி அடித்தது.

இருநூறு பேரும் சட்டைப் பையையும் இடுப்புப் பையையும் தடவினார்கள். மணி நிற்கவில்லை. ஏறி, இறங்கி, குழைந்து குழைந்து அடித்தது. காது மந்தமான எங்கள் பெரியப்பா தன் செல்லைக் காதில் வைத்து, "அலோ, படத்தொறப்புல இருக்கறனுங்க, அப்பறமாக் கூப்புடுங்க," என்று சொல்லி வைத்தார். பிறகும் அடிக்கவே, "ஒருக்காச் சொன்னாக் கேக்கமாட்டீங்களா?" என்று திரும்பவும் எடுத்தார்.

அடியில் தம்புரா சுருதி வர வேண்டிய இடத்தில் ஹெலிகாப்டர் வந்தது. பக்கத்திலேயே விமானப்படைத் தளம், அதனால் சூலூர்க்காரர்களுக்கு அது பழகிய சத்தம். ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதற்குள் ஓனர் துணியை விலக்கிவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரிலிருந்து பலத்த கைதட்டல். எங்கள் பக்கத்து ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். அத்தனை பேர் தட்டும்போது நாம் சும்மா இருந்தால் நன்றாயிருக்காது என்று முன்வரிசை தட்டியது, பின்வரிசையும் சேர்ந்துகொண்டது. இறந்தவர் படத்துக்குப் பக்கத்தில் நின்றபடி ஓனர் கும்பிட்டு நன்றி சொன்னார்.

சத்தத்தைக் குறைக்கலாம் என்று கைக்கு எட்டிய ஒரு திருகைத் திருகினேன். அது எதிரொலிக்கான திருகு. அந்த நேரம்தான் தவில் வர வேண்டும். தவிலுக்குப் பதில் துப்பாக்கி வெடித்தது. ஒவ்வொரு வெடியும் மலைக்கு மலை மோதி வருகிற மாதிரி நாலு தரம் கேட்டது. சமையல்கட்டிலிருந்து ஆட்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள். மைக் செட்டுக்காரர் டீ டம்ளரோடு பாய்ந்து வந்து ஒயரையே பிடுங்கினார்.

அப்புறம் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பெரியப்பா மட்டும், "வெச்சுட்டான்," என்றார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பந்தி முடிந்ததும் இலை எடுக்கிற இடத்தில் ஒளிந்து நின்ற என்னைத் தேடி வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பாட்டு போயிருச்சாடா?"

முதல் தடவையாக, "தெரியலீங்க்கா," என்றேன்.

மறு வாரம் இரண்டு பேரும் பஸ் ஏறி காந்திபுரத்தில் ஒரு ரிக்கார்டிங் ஸ்டுடியோவுக்குப் போனோம். அங்கிருந்த இசையமைப்பாளர் பொறுமையான மனிதர். பென்டிரைவைப் போட்டுப் பார்த்துவிட்டு, முதலில் சிரித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இந்த ஃபைல்ல சத்தமே இல்லீங்கம்மா. எந்தக் கட்டைய எப்ப அமுக்குனாரு, எவ்வளவு அழுத்துனாரு, எப்ப விட்டாரு, அந்தக் கணக்கு மட்டுந்தான் இருக்குது. எந்த வாத்தியச் சத்தம்ங்கறதுக்கு வெறும் நம்பருதான். உங்க ஊட்டுக்காரரு சொந்தமா நாயனம், தம்புரா, தவிலெல்லாம் செஞ்சு கீபோர்டுல கடைசி நம்பர்கள்ல வெச்சிருக்காரு. மத்த எடத்துல எல்லாம் அந்த நம்பர்ல இருக்கறது டெலிபோனு, ஹெலிகாப்டரு, கைதட்டலு, துப்பாக்கி."

"அப்ப அந்த நாயனம்?"

"கீபோர்டுலதானுங்க இருந்திருக்கும்."

அது அழிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அவர் திரையில் கோடு கோடாகத் தெரிந்ததைக் காட்டினார். "இங்க பாருங்க. சில கட்டை எப்பவுமே ஒரு துளி லேட்டா, மெதுவா விழுகுது. அவருக்குக் கையில ஏதாச்சும் அடிபட்டிருந்துச்சுங்களா?"

"மோதர வெரல் நுனி தறில போயிருச்சுங்க. எங்க கண்ணாலத்துக்கு முன்னாடியே." அக்கா திரையருகே போய் நின்றாள். "அப்ப இதுக்குள்ள அவரு வெரலு இருக்குதுங்களா?"

"அது மட்டுந்தானுங்க இருக்குது."

தன்னிடம் இருந்த நாயனத்தையும் தவிலையும் வைத்து அவர் பாட்டைச் சரியாக மாற்றிக் கொடுத்தார். அருமையாக இருந்தது. அக்கா கடைசி வரை கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லாருக்குதுங்க," என்றாள். வெளியே வந்து படியிறங்கும்போது என்னிடம், "அவருது இன்னுங் கொஞ்சம் மூக்கால அழுகற மாதிரி இருக்கும்," என்றாள். அந்த அழுகையை எப்படிச் செய்தார் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், மைக் செட்டுக்கும் எனக்கும் நடுவில் யாராவது ஒரு சொந்தக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். "மாப்ள, அந்தப் பக்கம் காத்து வராதுங்க," என்பார்.

வருடா வருடம் திதியன்று அக்கா வீட்டில் பாட்டுப் போடுவோம். முதலில் காந்திபுரத்தில் செய்தது. எல்லோரும் தலை குனிந்து கேட்போம். அது முடிந்ததும் அக்கா, "தம்பி, உன்னுதையும் போடு," என்பாள். நான் போடுவேன். நாலு வருடமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் மணி அடிக்கத் தொடங்கியதும் யாராவது ஒருத்தர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்.

"அவருதானுங்க கூப்புடறாரு, எடுங்க," என்பாள் அக்கா. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், மணி நிற்கிற வரைக்கும்.