மழலைச் சித்தரின் மூடிய கண்

மழலைச் சித்தர் கண்ணை மூடினால் போதும், பிள்ளையின் குறை அத்தனையும் தெரிந்துவிடும்! தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பிரிவில் வெள்ளிதோறும் கூட்டம். புசல்லாவையிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். பிள்ளையைத் தலையோடு காலாக மஞ்சள் துணியில் சுற்ற வேண்டும். கிளினிக் கொப்பியைத் தட்டில் விரித்து வைக்க வேண்டும். காணிக்கை, ஒரு பெக்கட் பால்மா.

"ஆண் வாரிசு... ஆடியில நிறை கொறஞ்சிருக்கு..." என்பார் சித்தர். தாய்மார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஞானக்கண் அல்லவா!

கண்டியில் அரசாங்க ஆய்வாளர் சுதர்சினிக்கு ஞானக்கண் இல்லை, மூக்குக்கண்ணாடிதான். சிறுபிள்ளைகளின் வளர்ச்சியைப் பற்றி ஆராய, எல்லோரும் பார்க்கலாம் என்று வெளியிட்டிருந்த சுகாதார அட்டவணைகளைத் துருவிக்கொண்டிருந்தாள். மேற்பிரிவில் மட்டும் ஆறு மாதமாகப் பிள்ளைகளின் நிறை இறங்கியிருந்தது. காதுச் சோதனைக்கு எழுதிக் கொடுத்த ஒன்பது பிள்ளைகளில் ஒன்றுகூடப் போகவில்லை. என்ன கொள்ளை நோயோ என்று பஸ் ஏறிப் போனாள். நோய் காவி கட்டி உட்கார்ந்திருந்தது. அங்கே நிறை கூடியிருந்தது அதற்கு மட்டும்தான்.

வரிசையில் அனுஷியா. மடியில் இரண்டரை வயது மகன் நிரோஷன். கதவை அறைந்தாலும் திரும்பாத பிள்ளை.

"வியாழக்கிழமை பேராதனையில காதுச் சோதனை இருக்கே, போகலியா?" என்று கேட்டாள் சுதர்சினி.

"தோட்டத்து எல்லையத் தாண்டினா நாக்கு கட்டிப்போயிருமாம் மிஸ். நாப்பத்தெட்டு நாள்ல பேசிருவான்னு சாமி சொன்னாருங்க."

"இது எத்தனையாவது நாப்பத்தெட்டு?"

அனுஷியா தலை குனிந்தாள். "மூணாவதுங்க."

பேச்சுப் பழகும் வயது பிள்ளைக்காகக் காத்திருக்குமா?

சுதர்சினி குரலைத் தாழ்த்தினாள். "ஆம்பளப் புள்ளைக்கு நீலக் கொப்பி, பொம்பளப் புள்ளைக்கு ரோசாக் கொப்பி. நிறை, பேச்சு எல்லாம் மிட்வைஃப் அதுல எழுதியிருக்காங்க. ஒரே ஒரு தடவ கொப்பிய மாத்தி வச்சுப் பாப்போமே."

பின்னால் நின்ற புஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. சோறு தின்பதில்லை என்று அவள் கொண்டுவந்திருந்த மகள் டிலானிக்கு மூன்று வயது, வாய் ஓயாது. டிலானி மஞ்சள் துணிக்குள் போனாள். தட்டில் நிரோஷனின் நீலக் கொப்பி.

சித்தர் கண்ணை மூடினார். "ஆண் வாரிசு... நாக்கு பூட்டிக் கிடக்கு... ஒரு சொல்லும் வராது..."

துணி விலகியது. இரட்டைச் சடையும் தோடும் வெளியே வந்தன.

"அம்மா, இந்த மாமா அரைக்கண்ணால கள்ளத்தனமா கொப்பியப் பாக்குறாரு!"

சித்தர் தடுமாறினார். "அது... போன பொறவியில இது ஆணு..."

"அப்ப இந்தப் பொறவியில என் பால்மாவக் குடுய்யா!" என்றாள் புஷ்பம். கூட்டம் உள்ளறைக்குள் பாய்ந்தது. பால்மா பெக்கட்டுகள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. சித்தர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்.

வியாழக்கிழமை அனுஷியா எல்லையைத் தாண்டினாள். சில வாரத்தில் நிரோஷனின் காதில் கேட்கும் கருவி ஏறியது. "நிரோஷா" என்றாள் அனுஷியா. பிள்ளை திரும்பிப் பார்த்தான். பஸ்தரிப்பில் அவள் விம்மி விம்மி அழுதாள்.

சித்தர் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. மூடிக்கொண்டவர்கள் நாம்தான். அடுத்த சித்தர் வேறொரு தோட்டத்துக்கு வந்திருப்பார். தட்டில் கொப்பியை வைக்குமுன், நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்களேன்!