மல் துணியில் மாமனார் முகம்

மூன்றாவது வகுப்பைத் தாண்டாத நான் பொன்னேரியில் சாக்கு அச்சடிக்கும் பட்டறை போட்டேன். அதை ஒட்டியே மச்சு வீடு கட்டினேன். மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எந்த அரிசி மில் மூட்டையைப் புரட்டினாலும் அதில் இருந்த எழுத்து நான் அடித்தது (படிக்கத்தான் திணறுவேன், அடிப்பதில் பிழை வராது). "இவன் எங்கே உருப்படப் போறான்" என்ற பங்காளிகளே பிறகு என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள். இத்தனையும் செய்தவன், ஒரே ஒரு முகத்தை அச்சடித்து மானம் போனதையும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரி சொல்லிவிடுவாள்.

எழுபதுகளின் தொடக்கம். மாமனார் காலமாகி ஆறு வருஷம். அவர் முகம் இருந்த ஒரே படம், மாமியாரோடு நிற்கும் கல்யாணப் படம். அதை ஓரத்திலிருந்து செல் அரித்துக்கொண்டே வந்தது.

"முகத்தாண்ட வந்துச்சின்னா, எனுக்கு அவரு ரெண்டாவது தபா செத்த மாரி, மாப்ளே" என்றார் மாமியார்.

என் மனைவி கன்னியம்மா தையலில் மகா கெட்டிக்காரி (அவள் எதிரில் சொல்வதில்லை). அப்பாவின் வேட்டி, சட்டை, அம்மாவின் கல்யாணப் புடவைக் கிழிசல் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, சுவரில் மாட்டத் தலையணை அகலத்தில் ஒரு மெத்தை தைக்கிறேன் என்றாள். நடுவில் அந்தப் படம், துணியிலேயே.

"துணில போட்டோ வுழுமா?" என்றாள்.

"யாராண்ட கேக்குற?" என்றேன்.

சென்னையில், அச்சுக்குப் படக்கட்டை செய்யும் ஒரு பிளாக் கடையில் படத்தைப் பிலிம் எடுத்தேன். மெல்லிய துணியை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தில் மருந்து பூசி, பிலிமை வைத்து வெயிலில் காட்டினால் உருவம் பதிந்துவிடும். அப்புறம் மையை ஊற்றி ரப்பர் கட்டையால் இழுக்க வேண்டியதுதான். பிலிமை எந்தப் பக்கமாக வைப்பது என்பதைச் சாக்கு வேலையில் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். முகத்தில் எழுத்து ஏது? எப்படி வைத்தாலும் மாமனார் மாமனார்தானே? வைத்தேன். மெலிசான மல் துணியில் ஓங்கி நாலு இழுப்பு. வந்துவிட்டார்!

கன்னியம்மா பத்து நாள் அழுதுகொண்டே தைத்தாள். கண்ணீரில் அவளும் கவனிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாமியாரை உட்காரவைத்து, மெத்தையை நானே விரித்துக் காட்டினேன். அவர் கை தன் இடது தோளைத் தடவியது.

"இன்னா மாப்ளே, முந்தானைய வலது தோள்ல போட்டுக்கீறீங்க? நா எப்போ சேட்டு ஊட்டம்மா ஆனேன்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவருக்கு மச்சம் இந்தக் கன்னத்துல. இது அவரு இல்ல. என் படத்தையே குட்த்துடுங்க."

எதைக் கொடுப்பேன்? கண்ணாடியோடு ஒட்டியிருந்த படத்தை, பிலிம் எடுத்து முடிந்ததும் புதுக் கண்ணாடி போடலாமென்று, "நான் பிரிக்கிறேன் பார்" என்று பிளாக் கடையில் பிரித்ததில் அது தூளாகிவிட்டது. பிலிம், ஈரம் காயாத மருந்தில் ஒட்டிக் கிழிந்துவிட்டது. சட்டத்தையும் மறுநாள் மூட்டை வேலைக்காகக் கழுவித் தொலைத்திருந்தேன்.

"மூணுல ஒண்ணையாவது உட்டுவெச்சியாய்யா?" என்றாள் கன்னியம்மா.

மாமியார் முகத்தை மூடிக்கொண்டார். பட்டறை, மச்சு வீடு எதுவும் அப்போது எனக்குத் துணைக்கு வரவில்லை.

கன்னியம்மா மட்டும் கத்திரியை எடுத்தாள். மெத்தையின் நடுத்துண்டை ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். துணியைத் திருப்பினாள். சாக்குக்கு அடித்துப் பழகிய கை அல்லவா, மை அந்தப் பக்கமும் ஊறி இறங்கியிருந்தது. முன்பக்கம் கரி அப்பியதுபோல இருந்த முகம், பின்பக்கம் பழைய படத்தைப் போலவே மங்கலாக, இதமாக இருந்தது. முந்தானை இடது தோளில். மச்சம் அதன் இடத்தில்.

மாமியார் அந்த மச்சத்தைத் தொட்டார். "வந்துட்டியா" என்றார். மாமனாரை அவர் ஒருமையில் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

கன்னியம்மாவைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. சொல்லியாயிற்று, போதும்.

இன்றைக்கும் நான் சட்டையைத் தப்பாகப் போட்டாலும், கணக்கில் தப்பினாலும், வீட்டில் எல்லோரும் "திருப்பிப் பாரு, சரியா இருக்கும்" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மாமனாரைத் திருப்பிப் போட்டது நான்தான். ஆனால் நாலு இழுப்பு இழுத்து, மையை மறுபக்கம் வரைக்கும் இறக்கியது யார்? மெத்தை ஓரத்தில் சிவப்பு நூலில் அவள் பேர் மட்டும் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு விரற்கடை இடம் காலியாகத்தான் கிடக்கிறது. என் பேரும் அங்கே வர வேண்டும். நேராக.