மூன்று மணி நேரப் பயணம்

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. எல்லோரும் என்றால் அப்பாவும் நானும். அதில் அப்பா நலம். நீயும் அத்தானும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதுகு வலி வந்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று சொல்லியே ஆறு வருஷமாக உன் வீட்டுக்கு வராமல் இருந்த அப்பா, நீ அனுப்பிய டிக்கெட்டைப் பார்த்ததும் உடனே சரி என்றாரே, ஏன் என்று யோசித்தாயா? காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, பகல் பன்னிரண்டுக்கு வருகை. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர், வழக்கம்போல் பன்னிரண்டில் ஒன்பதைக் கழித்துவிட்டார். பன்னிரண்டு என்பது உன் ஊர்க் கடிகாரம், அது நம்முடையதைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, உண்மையில் பயணம் பதிமூன்றரை மணி நேரம் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அவர் பெட்டியில் இன்னொரு சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். தூரம் பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றாவது சொல்லிப் பார்த்தேன். அதை மூன்றால் வகுத்தார். "அம்மாடி, இந்த வேகத்துல போறதாலதான் பெல்ட்டு போடச் சொல்றாங்க" என்றார். திரும்பும் டிக்கெட்டில் இன்று இரண்டுக்குப் புறப்பட்டு நாளை ஒரு மணிக்கு வருகை என்று இருக்கிறதே, இருபத்து மூன்று மணி நேரம் ஆகிறதே, அது எப்படி என்று கேட்டேன். "அது எல்லா ஸ்டாப்பிங்லயும் நிக்கிற வண்டியா இருக்கும்" என்கிறார். எதிர்வீட்டுக்காரருக்கும் இதையே விளக்கினார், அவரும் தலையாட்டிவிட்டார். எனக்குத் தூக்கமே போச்சு, அக்கா. நாலாவது மணி நேரம் நடுவானில் அவர் எழுந்து நின்று இறங்கணும்னு சொன்னா யார் பொறுப்பு? சொன்னா வரமாட்டார், சொல்லலேன்னா பாவம். என்னால முடியல. நீயே பக்குவமா உண்மையைச் சொல்லு, இல்லேன்னா டிக்கெட்டை ரத்து பண்ணிடு. குட்டியை அவர் இன்னும் மடியில் வைத்துப் பார்த்ததில்லை என்பது எனக்கும் தெரியும்.

அத்தானுக்கு என் வணக்கம், குட்டிக்கு முத்தம். உங்கள் வீட்டில் என்றும் நல்லதே நடக்கட்டும்.

அன்புடன்,
உன் தங்கை

பி.கு: அனுப்பப் போகும் நேரத்தில் திரும்பிப் பார்த்தால், அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். முழுக்கப் படித்துவிட்டார். கோபப்படவில்லை.

"நாம காலையில காப்பி குடிக்கிறப்ப உங்க அக்கா போன் பண்ணி, தூங்கப் போறேன்ப்பாங்கிறா. எனக்கு அதுகூடவா தெரியாது? பதிமூணரைன்னு நான் வாயைத் திறந்தா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து, வேண்டாம்ப்பான்னு ஆரம்பிச்சிடுவீங்க. மூணாவே இருக்கட்டும்மா" என்றார்.

எனவே மேலே எழுதியது எதையும் நீ படிக்கவில்லை. அப்பா போனில் கேட்டால், மூன்று மணி நேரம்தான் என்று சொல்.