கதவிலிருந்து போன அயோவா

கோகோமோ, இண்டியானா
வியாழக்கிழமை

அன்பு மகள் கோரினுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் மட்டும் தனிக் கட்சி. பாஸ்டனில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அடுப்பும் படுக்கையுமாக நாம் ஊர் சுற்றிய நம் வீட்டுவண்டியை வாங்க சனிக்கிழமை ஆள் வருகிறார்களே, அதற்காக இன்று அதைக் கழுவினேன். "விக்கிற வண்டி பளிச்சுன்னு இருக்கணும்ப்பா, அதுக்காக நீங்க விழுந்து ஒடைஞ்சுடாதீங்க" என்று நீ போனில் ஒப்பித்ததை ஒன்று விடாமல் கடைப்பிடித்தேன். வெயில் ஏறுமுன் வண்டியை மேப்பிள் மர நிழலில் நிறுத்தி, சன்னலெல்லாம் சாத்தி, கார் கழுவுகிற சோப்பையே கரைத்து, நீளக் கைப்பிடி வைத்த மெத்தென்ற பிரஷால் தேய்த்தேன். ஈரக் கூரையில் கால் வைக்கவில்லை. ஏணியில் நின்று எட்டித்தான் தேய்த்தேன். கூரை அழுக்கை முதலில் இறக்கவேண்டும், இல்லாவிட்டால் கழுவிய பக்கமெல்லாம் கறுப்புக் கோடாக வழியும் என்பதை நீ சொல்லி நான் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. உன் அம்மா லோர்னா வருஷா வருஷம் கீழே நின்று, "ஆர்வில், அங்க ஒரு கோடு விட்டுட்டே பாரு" என்று கத்தியே என் காது தேய்ந்துவிட்டது. கோடு காட்ட ஆளில்லாமல் கழுவுவது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றாய். பக்கத்து வீட்டு எல்பர்ட்டைக் கூப்பிட்டேன். வந்தது வினை.

"வண்டியக் கழுவுறியா, தடவிக் குடுக்கிறியா? எங்கிட்ட தண்ணி பீச்சுற மெஷின் இருக்குடா. பத்தே நிமிஷம்!"

"வேண்டாம்டா. அந்த வேகத்துல அடிச்சா சன்னல் ஓரத்துப் பசையெல்லாம் பிச்சுக்கிட்டு வந்துரும். எம் பொண்ணு சொல்லியிருக்கா."

"உம் பொண்ணு பல் டாக்டர்டா!" என்று அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, ஏணியும் சேர்ந்து குலுங்க, நான் கூரை விளிம்பைப் பிடித்துக்கொள்ள, வாளியைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லாததால் அது நேரே எல்பர்ட்டின் தலையில் கவிழ, நுரையும் கையுமாகக் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடியவன் திரும்பி வரும்போது அந்தப் பாழாய்ப்போன மெஷினையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். என் முழங்கால் ஏணியை விட்டு இறங்குவதற்குள் கதவுப் பக்கம் சர்ரென்று சத்தம்.

கதவில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அம்மா மாநிலம் மாநிலமாக ஸ்டிக்கர் ஒட்டி நிரப்பிய அமெரிக்க வரைபடம். மற்ற வண்டிக்காரர்கள் எல்லையைத் தாண்டினாலே ஒட்டிவிடுவார்கள். அவளிடம் அது செல்லாது. "அங்க அடுப்பு மூட்டி ரெண்டு பேராவது சேர்ந்து காலைல சாப்பிட்டிருக்கணும். ஒத்தையா தின்னா அது வெறும் பசி" என்பாள். அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் ரோட் ஐலண்டை ஒரே மூச்சில் தாண்டிவிட்டேன் என்று, கடைசிவரை அந்த இடத்தை வெறுமையாகவே வைத்திருந்தாள்.

இல்லினாய் புதரில் கிடந்தது. நெப்ராஸ்கா சாக்கடையில் மிதந்தது. அயோவாவை எல்பர்ட்டின் நாய் மென்றுகொண்டிருந்தது. அயோவா நினைவிருக்கிறதா? நீ சின்னப் பெண்ணாக அப்பத்தைத் தூக்கிப்போட்டுத் திருப்பப்போய் அது கூரையில் ஒட்டிக்கொண்டு, கீழே விழும்வரை நாம் மூன்று பேரும் தட்டேந்தி நின்றோமே, அந்த அயோவா. எனக்கு அழுகை வந்துவிட்டது, கோரின்.

"கடையில புதுசு கெடைக்கும்டா, ஒட்டிரலாம்" என்றான் எல்பர்ட்.

"அங்க போய்ச் சாப்பிடாம எப்படிடா ஒட்டுறது?" என்றேன். அவன் மெஷினை அணைத்துவிட்டான்.

மற்றபடி வண்டி ஜொலிக்கிறது. நீ சொன்னதுதான் சரி, இந்த வயதில் எனக்கெதற்கு வண்டி? சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுகிறேன். வருத்தமே இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன்னிடம் வாய் திறக்கும் எல்லாருக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
சொன்ன பேச்சு கேட்கும் உன் அப்பா,
ஆர்வில்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போட மறந்து வண்டியின் முன்கண்ணாடியோரம் வைத்திருந்தேன். அதனால் அதுவும் என்னோடு அயோவா வந்துவிட்டது. வாங்க வந்து ஏமாந்திருப்பவர்களிடம் நீயே போனில் ஏதாவது சொல்லிவிடு. இரண்டாவது வாய்க்கு எல்பர்ட்டை இழுத்து வந்திருக்கிறேன். அப்பத்தைக் கருக்கினான், ஆனாலும் அம்மா சட்டப்படி செல்லும். புது இல்லினாயும் புது அயோவாவும் கதவில் ஏறிவிட்டன. வண்டி முழுக்கப் பூச்சி அப்பி, கழுவியது போன இடம் தெரியவில்லை. நெப்ராஸ்காவில் சாப்பிட்டு முடித்ததும் எல்பர்ட் ஊர் திரும்பிவிடுவான். அப்புறம் ரோட் ஐலண்டுக்கு எனக்கு இன்னொரு வாய் வேண்டும். உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். வழியில் தூங்கிவிடாதே.