நிக்கனோரின் முதலாளிக்கு நான் அளித்த தீர்ப்பு

கடந்த மார்ச் மாதம் பத்தாம் தேதி, பராகுவேயின் லுக்கே நகரமே திரும்பிப் பார்க்க வேண்டிய ஒரு காரியத்தைச் செய்தேன். நிக்கனோரை பேஸ்புக்கில் பிளாக் செய்தேன். நகரம் திரும்பிப் பார்க்கவில்லை. அது நகரத்தின் துரதிர்ஷ்டம்.

நிக்கனோர் என்னோடு டயர் கிடங்கில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். அதாவது, நான் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். என் பையில் இருக்கும் சிப்பா ரொட்டியைத் தின்றுவிட்டு, பூனை தின்றது என்பான். எங்கள் கிடங்கில் பூனையே கிடையாது. லாரி டயர்களைச் சைக்கிள் கடைக்கு அனுப்பியது அவன். விளக்கம் எழுதிக் கொடுத்தது நான். எட்டு மாதத்துக்கு முன் வேறொரு கிடங்குக்குப் போய்த் தொலைந்தான். தொல்லை விட்டது என்று பார்த்தால், தினமும் பேஸ்புக்கில் புலம்பல். முதலாளி கொடுங்கோலனாம். மின்விசிறி சுற்றவில்லையாம். உழைப்புக்கு மரியாதை இல்லையாம். உழைப்பு! நிக்கனோர்!

சாப்பாட்டு மேசையில் அதை உரக்கப் படித்து வரிக்கு வரி திட்டுவேன். ஒரு நாள் என் மனைவி சுல்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எலாதியோ, ஒண்ணு அவனை பிளாக் பண்ணு. இல்லேன்னா தட்டைத் தூக்கிக்கிட்டு நாய்கிட்ட போய் உக்காரு. அதுவாவது காது கொடுத்துக் கேக்கும்."

"இதோ பண்றேன். ஆம்பளை வாக்கு. அவன் பேரையே இனி எடுக்க மாட்டேன்."

எடுக்கவில்லை. முழுதாக மூன்று நாள். நான்காம் நாள் சோறு இறங்கவில்லை.

"சுல்மா... உன் போன்ல அவன் வருவான்ல?"

"எவன்?"

"அதான்... அவன்."

"பேரை எடுக்க மாட்டேன்னியே."

"எடுக்கலையே! நீ சும்மா படி. நான் சும்மா கேக்குறேன்."

சுல்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போனை எடுத்துப் படித்தாள்:

"'இங்கே எல்லாருக்கும் ஐஸ் போட்ட தெரெரே மூலிகைத் தண்ணி ஊத்திக் கொடுக்குறது நான்தான். காலையில ஐஸ் வாங்குறதும் நான், குவளை கழுவுறதும் நான். எல்லாரும் குடிச்சு முடிச்சு என் முறை வரும்போது ஐஸ் கரைஞ்சிருக்கும். பதினாறு வருஷமா வெந்நீர்தான் குடிக்கிறேன்.'"

"பதினாறு வருஷமா? அவன் அங்கே சேர்ந்தே எட்டு மாசம்தான்! புளுகன்!"

"புலம்புறவங்களுக்கு எட்டு மாசமே பதினாறு வருஷம் மாதிரி இருக்கும்."

எவ்வளவு பொறுமையாக விளக்குகிறாள் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டைக்கூடப் படிக்க முடியாதவள், இதைக் கண்ணாடி போடாமலே கடகடவென்று படித்தாள். என் மேல் அவ்வளவு அக்கறை.

அதிலிருந்து தினமும் நடந்தது. எனக்குப் பசியும் திரும்பி வந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் படித்தாள்:

"'முதலாளி வேலையிடத்துக்கு வந்ததும் செருப்பை மூலைக்கு ஒண்ணாக் கழட்டிப் போடுறார். வலை ஊஞ்சல்ல சாய்ஞ்சுக்கிட்டு மத்தவனைத் திட்டுறார். மாசத்துக்கு ஒரு தரம் கரி அடுப்புல கறி வாட்டிட்டு, அடுத்த கறி வரைக்கும் பாராட்டு கேக்குறார். வாட்டின கம்பியைத் தேய்க்கிறது மட்டும் நான்.'"

"சே! கிடங்குல வலை ஊஞ்சல் கட்டித் தொங்குறானா? அவனெல்லாம் மனுஷனா?"

"அப்போ நிக்கனோர் பக்கம் நியாயம் இருக்குன்னு சொல்றியா?"

அந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்யும் நாட்களை நாள்காட்டியில் குறித்து வைப்பது நல்லது. நிக்கனோரை உசுப்பிவிட்டால் என்ன? வேலை செய்ய மாட்டேன் என்று முதலாளி முன் நிமிர்ந்து நிற்பான். முதலாளி சீட்டைக் கிழிப்பார். எனக்கு நிம்மதி. ஊருக்கு நான் உத்தமன்.

"சுல்மா, நான் சொல்றதை ஒரு தாள்ல எழுது. கையெழுத்துப் போட்டுத் தர்றேன். போட்டோ எடுத்து அவனுக்குப் பதிலாப் போடு."

பேனாவும் தாளும் அவள் மடியிலேயே தயாராக இருந்தன. நான் எழுந்து நின்று சொன்னேன்:

"'இப்படிப்பட்ட முதலாளி, அந்த வேலையையெல்லாம் ஒரு மாதம் தானே செய்து பார்க்க வேண்டும். உழைத்தவருக்கு அந்த மாதம் முழுக்க விடுப்பு. இதை மறுப்பவன் மனிதனே அல்ல. எலாதியோ.' எப்படி?"

"பிரமாதம். தேதியும் போட்டுடு."

தேதியும் போட்டேன். அவள் அதை வாங்கி, போட்டோ எடுக்காமல், நேராகப் போய் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டி வைத்த பெட்டியை இழுத்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"விடுப்புல. என்கர்நசியோன்ல தங்கச்சி வீட்டுக்கு. ஆத்தங்கரையில உக்காந்து யாராவது ஊத்திக் கொடுக்குற தெரெரேயை ஐஸோட குடிக்கணும்."

"சுல்மா... அப்போ நிக்கனோர் எழுதினது?"

"அவன் எழுதுறதை விட்டே மூணு வாரமாச்சு. புலம்பினது நான். பேரு மட்டும்தான் அவனோடது. பதினாறு வருஷக் குடித்தனத்துல நான் சொன்னா உன் காதுல ஏறாது, அவன் சொன்னாத்தான் உனக்குச் சோறே இறங்குது!"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேருந்துச் சீட்டைச் சரிபார்த்தாள். எட்டிப் பார்த்தேன். சீட்டு மூன்று நாளுக்கு முன்பே வாங்கியது.

வாசலில் நின்று, "கறிக் கம்பி தொட்டியில ஊறுது. மறந்துடாதே," என்றாள்.

அந்தக் கம்பியைத் தேய்க்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. உண்மையைச் சொல்கிறேன், தேய்க்கும்போது வெட்கமாகத்தான் இருந்தது. முதுகு வலி வந்ததும் வெட்கம் போய்க் கோபம் வந்தது. ஆறாம் நாள், கரைந்த ஐஸில் தெரெரேயைத் தனியாக ஊற்றித் தனியாகக் குடித்துவிட்டு, பேஸ்புக்கில் எழுதினேன்: "உழைப்புக்கு மரியாதை இல்லை." நான்கு பேராவது ஆறுதல் சொல்லட்டும் என்று, பெரிய மனதோடு நிக்கனோரின் பிளாக்கையும் எடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு பதில் வந்தது. நிக்கனோரிடமிருந்து. "வேலையைப் பத்திக் குறை சொல்றதை விடு எலாதியோ. நான் விட்டேன், மேலாளர் ஆக்கிட்டாங்க."

அதற்கு ஒரு லைக் விழுந்திருந்தது. என்கர்நசியோனிலிருந்து.